வழியில் வைத்த உலை

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாலை நிலத்து வழிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். வழியின் கொடுமையைப் பற்றியும் வழிச்செல்வோரின் பிரிவுத் துயரைப் பற்றியும் இவ்வவையில் அறிஞர் பலர் பேசிவிட்டனர். வழிச்செல்வோர் எதை உண்டார்கள், அதை யார் சமைத்தார்கள் என்று மட்டும் நாம் எவரும் கேட்டதில்லை. ஆகவே தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்ள இசைவு பெற்றேன். 2018 இலும் 2023 இலும் என் துணைவரும் நானும் மதுரையிலிருந்து இலடாக்கிலுள்ள லே நகரம் வரை மோட்டார் சைக்கிளில் சென்று மீண்டோம். பெரும்பாலும் வழியில் நாங்களே சமைத்து உண்டோம். மோட்டார் சைக்கிளுக்கு ஈருருளி, விசையுந்து எனத் தமிழ்ச் சொற்கள் உண்டு என்பதை அறியாதவள் அல்லேன். எனினும் எங்கள் வீட்டில் அதற்கு வண்டி என்பதே பெயர். இங்கும் அவ்வாறே சொல்கிறேன், பொறுத்தருள்க.

முதலில் நூலிலிருந்து தொடங்குவதுதான் முறை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டி ஒன்று வருகிறது. அதன் முன்புறத்தில் காடி வைத்த கலத்தைக் கயிற்றால் பிணித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காடி என்றால் புளிப்பேறிய பண்டம். ஊறுகாய் என்று கொள்வாரும் உளர். அகநானூற்றுப் பாலைப் பாட்டிலோ உப்பு வணிகர் சமைத்து உண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கல்லடுப்பு மட்டும் வழியில் கிடக்கிறது. பின்னர் அவ்வழியே வந்த வில்வீரர் அதே அடுப்பில் ஊன் வேகவைக்கிறார்கள். ஆண்டுதோறும் வகுப்பில் இப்பகுதிகளை நடத்திவந்தேன். உமணர் என்றால் உப்பு வணிகர், சாத்து என்றால் வணிகக் கூட்டம் என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். அந்த அடுப்புக் கற்கள் மூன்றும் என் கண்ணில் பட்டதே இல்லை.

"வழிநெடுக உணவுக்கடை இருக்கும்போது ஏனம்மா இந்தப் பாடு?" என்று புறப்படும்போது என் மாமியார் கேட்டார். கேட்பதில் நியாயம் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து சீநகர் வரை செல்லும் 44 ஆம் எண் நெடுஞ்சாலை, 2010 இல் எண்கள் மாற்றப்படுவதற்கு முன் அதன் தென்பகுதி நமக்கு 7 ஆம் எண் சாலையாக அறிமுகமானது. அதில் பசித்துக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் நாள் முழுதும் காற்றையும் அதிர்வையும் தாங்கிய உடம்பு, ஐந்தாம் நாள் எண்ணெய் மிதக்கும் குழம்பைக் கண்டாலே பின்வாங்குகிறது. மேலும், கடை இருக்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டு அறுந்துபோவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் காட்டினூடே சாலை செல்கிறது. அங்கே நிழல் மிகுதி, ஆசையும் மிகுதி. ஆனால் காப்புக்காட்டினுள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். காட்டைக் கடந்து, ஒரு கிணற்றடியில் அந்நிலத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் முதன்முதலில் உலை வைத்தோம்.

மணிமேகலையின் அமுதசுரபி கையில் இருந்தால் அடுப்புத் தேவையில்லை. எங்களிடம் இருந்தது பெட்ரோலில் எரியும் சிற்றடுப்பு. நம் பாட்டிமார் அறிந்த பம்பு ஸ்டவ்வின் குட்டி என்று கொள்ளுங்கள். திரியில்லாமல், காற்றழுத்தத்தால் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் அடுப்பை 1892 இல் சுவீடனில் பிரான்ஸ் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கினார். 1911 இல் தென்துருவம் சென்ற ஆமுண்ட்சென் குழுவோடு சென்றதும் அவ்வகை அடுப்பே. எங்கள் அடுப்புக்கும் அடைப்பெடுக்க அதே ஸ்டவ் பின்தான். சமையல் வாயுக் குப்பிகள் சிறியனவாகக் கிடைக்கின்றன; ஆயினும் அவற்றிலுள்ள பியூட்டேன் கடுங்குளிரில் ஆவியாக மறுத்துக் குப்பிக்குள்ளேயே உறங்கிவிடும். பெட்ரோல் என்றால் வண்டிக்கும் அடுப்புக்கும் ஒரே உணவு. இருவர் சமையலுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர்கூட ஆகவில்லை.

பெட்டியில் இருந்தவை: இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று, தட்டு இரண்டு, கரண்டி ஒன்று. அரிசியை முழுதாகக் கொண்டுபோகவில்லை. நொய்யாக உடைத்து, வறுத்த பாசிப்பருப்பும் மிளகும் சீரகமும் உப்பும் கலந்து, இருவருக்கு ஒருவேளை என அளந்து பொட்டலம் கட்டினோம். துவரம்பருப்பு எரிபொருளைத் தின்னும். பாசிப்பருப்பு விரைவில் குழையும். புளிக்காய்ச்சல் ஒரு போத்தல். அதை நன்றாகச் சுண்டக் காய்ச்சி எண்ணெய் மேலே நிற்கும்படி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. கெட்டி அவல், வறுத்த ரவை, பருப்புப்பொடி, மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய். பாசிப்பயற்றை ஈரத்துணியில் முடிந்து பக்கப்பையில் போட்டால் மறுநாள் முளைவிட்டிருக்கும். பச்சைக்காய் கிடைக்காத மலையில் அதுவே எங்கள் தோட்டம். சூடான எஞ்சின்மேல் உணவைச் சுற்றிவைத்து வேகவைப்பதற்கென்றே 1989 இல் அமெரிக்காவில் ஒரு நூல் வெளிவந்திருக்கிறது. அது காருக்கு எழுதியது. அதை நம்பி நாங்கள் அலுமினியத் தாளில் சுற்றி வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு பாதி வெந்து, முழுதும் எஞ்சின் ஆயில் நாற்றத்தோடு வந்தது. நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

ரோத்தாங் கணவாய் வழியே மணாலியிலிருந்து லே ஏறத்தாழ 475 கி.மீ. 2018 இல் ரோத்தாங் கணவாயின்மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அதன் கீழே 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. கணவாய்க்கு அப்பால் தண்டி என்னும் ஊரின் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதிய பலகை ஒன்று நின்றது. அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் கேன்களை நிரப்பினோம். அங்கிருந்து மேலே போகப்போக நீர் கொதிப்பது போலத் தளதளக்கும். ஆனால் சூடு இராது. 4,300 மீட்டர் அளவில் உள்ள சர்ச்சுவில் நீர் 86 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் ஒரு வெண்கல் போல விதை நிற்கும். குக்கரின் குண்டு தரும் அழுத்தம் அங்கும் நீரை 110 பாகைக்கு மேல் கொண்டுபோகும். இரண்டு கிலோ எடையைக் குறைக்கலாம் என்று குக்கரை வீட்டிலேயே விட்டுவர நினைத்தவர் என் துணைவர். விடாமல் எடுத்துவந்தவள் நான். இதை அவர் முன்னிலையிலேயே பதிவு செய்கிறேன்.

ஆனால் தவறு என்னிடமும் உண்டு. காற்றை மறைக்க வண்டியையே அரணாக்கி, அதன் அருகில் அடுப்பை மூட்டினேன். காற்று திரும்பியது, சுடர் சாய்ந்து பெட்ரோல் தொட்டியின் பக்கம் நாக்கை நீட்டியது. அவர் ஓடிவந்து காலால் அடுப்பை எற்றித் தள்ளினார். அன்றைய பொங்கல் மண்ணுக்குப் படையலாயிற்று. அதன்பின் வண்டிக்கும் அடுப்புக்கும் இடையே பத்து அடி. அடுப்பு ஆறிய பின்னரே எரிபொருள் நிரப்புவது. குளிருக்கு அஞ்சிக் கூடாரத்துக்குள் அடுப்பை எரிப்பதே இல்லை. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குபவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஜிஸ்பாவில் பாகா ஆற்றங்கரையில் ஒரு மாலை நின்றோம். பகல் முழுதும் பின்னிருக்கையில் இருந்து என் முதுகு பலகையாகியிருந்தது. அவர் வண்டியின் சங்கிலியைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார், பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு அமர்ந்தார். நான் தண்ணீர் மொண்டு வந்தேன், அடுப்பை மூட்டினேன், விரல் விறைக்கப் பாத்திரம் கழுவினேன். இரண்டு வாய் உண்டபின் அவர் சொன்னார்: "உப்புக் கொஞ்சம் குறைவு."

வேறு எதுவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. வீட்டில் எத்தனையோ முறை கேட்ட சொல்தான். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வீட்டை விட்டு மூவாயிரம் கி.மீ.க்கு மேல் வந்தும் அடுப்பங்கரை என்னோடு பின்னிருக்கையில் ஏறி வந்துவிட்டதே என்று தோன்றியது. விடியற்காலையில் அதைச் சொல்லியும் விட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "நாளெல்லாம் ஓட்டுகிறவன் நான். இந்த மலைச்சாலையில் என் களைப்பு உனக்குத் தெரியாதா?" என்றார். அதுவும் உண்மையே. இருவர் பக்கமும் உண்மை இருக்கும்போதுதான் சண்டை நீளும். பாங் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

1973 இல் பிரான்சு நாட்டுப் பெண் ஆன் பிரான்ஸ் தோத்வீல் தன்னந்தனியாக மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றினார் என்பதை நான் முன்பே படித்திருந்தேன். படித்து வியந்ததோடு சரி. நம் பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வண்டியையும் படித்திருந்தேன். ஊர் திரும்பி, கல்லூரி திறந்து, அப்பகுதியை மறுபடி வகுப்பில் நடத்தியபோதுதான் என் நாக்கு அடுத்த சொல்லில் தடைப்பட்டது. காடிக் கலம் தொங்கும் அவ்வண்டியில் எருதுகளைப் பின்னிருந்து ஓட்டுகிறவள் பெண். மகவையும் உடையவள். புலவர் அதை வியப்பாகக்கூடச் சொல்லவில்லை; போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். ஆண்டாண்டாக அவளை வண்டியில் ஏற்றி அமர்த்திப் பொருள் சொன்ன நான், கயிற்றை அவள் கையில் கொடுக்கவே இல்லை.

அன்று மாலையே துணைவரிடம், "வண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள்" என்றேன். அப்போது என் வயது நாற்பது. பல்கலைக்கழக மைதானத்தில் நான் விழுந்த கதைகளை என் மாணவியரே பரப்பினார்கள். அவற்றை இங்கு விரிக்கவில்லை. ஓட்டுநர் உரிமம் பெற்றேன். 2023 இல் புறப்பட்டபோது எங்களுக்குள் ஒரே ஓர் உடன்பாடு: அன்று ஓட்டியவர் சமைக்க வேண்டியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் ஓட்டினார், ஒருநாள் விட்டு ஒருநாள் நான்.

ஜிஸ்பாவுக்கு வந்த நாள் என் முறையாக அமைந்தது. சுரங்கம் கடந்து, தூசியும் குளிரும் தின்ற கைகளோடு இறங்கி ஆற்றங்கரையில் அமர்ந்தேன். எனக்குப் பின்னால் பம்பு அடிக்கும் ஓசை கேட்டது. அடுப்பு இருமுறை அணைந்தது. ஸ்டவ் பின்னைத் தேடும் முணுமுணுப்பும் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். குக்கர் கூவியபோது எதிர்க்கரை மலை பதில் கூவியது. தட்டில் பொங்கல் வந்தது, ஓரத்தில் நார்த்தங்காய். ஒரு வாய் உண்டேன்.

"உப்புக் கொஞ்சம் குறைவு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

கவிஞர் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவளையும், பிரிந்தவனை எண்ணி வீட்டில் சமைக்காமல் இருந்தவளையும் நாம் நிரம்பப் பாடிவிட்டோம். உப்பு வண்டியை ஓட்டிச் சென்றவளைப் பற்றி நான் தேடியவரை புதுக்கவிதையில் ஒன்றும் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டு மலருக்கு யாரேனும் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன். எழுதுபவர்க்கு ஒரு குறிப்பு மட்டும்: அன்று மாலை அவ்வண்டி நின்றபோது மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தது யார் என்று உருத்திரங்கண்ணனார் சொல்லவில்லை.