ஒன்பதாவது புள்ளி

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசுவோர்க்குப் பஞ்சமில்லை. என்னை அழைத்த நண்பர்களோ, "நீர் கணிப்பொறிக்காரர், உம் தொழிலைப் பற்றியே பேசும்" என்று கட்டளையிட்டனர். ஆகவே ஒரு புள்ளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரேயொரு புள்ளி.

பழைய கணிப்பொறிகளுக்கு விந்தையான பழக்கங்கள் பல உண்டு. 1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஏ.டி. என்னும் பொறியில், ஒரு மெகாபைட்டுக்கு அப்பாலுள்ள நினைவகத்தை முறையாக எட்டவேண்டுமானால், முகவரிக் கம்பிகளுள் இருபத்தோராவதைத் திறந்துவிடுமாறு விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லிடம் விண்ணப்பிக்க வேண்டும். நம் வீட்டுக் கூடத்தைத் திறக்க அடுத்த வீட்டுக் காவற்காரனிடம் சாவி கேட்பது போன்றதே அது. அது கிடக்கட்டும். தமிழ் எழுத்தோடு மோதிய பழக்கம் வேறொன்று.

1987-இல் வந்த வி.ஜி.ஏ. முறையில், வரிக்கு 80 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் 9 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் உள்ள கட்டத்துள் அமையும். ஆனால் எழுத்தின் வடிவத்தை நினைவகத்தில் குறித்து வைப்பதற்குப் புள்ளிவரிசை ஒன்றுக்கு ஒரு பைட்டு, அதாவது 8 புள்ளிகளே உண்டு. ஒன்பதாவதை யார் வரைவது? பொறியே வரையும். பொதுவாக அதனை வெறுமையாக விட்டுவிடும். எழுத்துகளுக்கிடையே சந்து கிடைக்கும். 192 முதல் 223 வரை எண்ணுடைய 32 குறிகளுக்கு மட்டும், எட்டாவது புள்ளியையே ஒன்பதாவதிலும் படியெடுக்கும். ஐ.பி.எம். தன் அட்டவணையில் அவ்விடத்தில் பெட்டி வரையும் கோடுகளை வைத்திருந்தது. கோடு இடையறாது ஓட வேண்டுமல்லவா? 1981-ஆம் ஆண்டு முதற் பொறியின் ஒருநிறத் திரையிலேயே இவ்வழக்கம் தொடங்கிவிட்டது.

1991-இல் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய பொறியொன்றில் தமிழை ஏற்ற முனைந்தேன். ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியில் விட்டு, 128-க்கு மேல் தமிழை வரிசையாக அடுக்கினேன். ஒரு கட்டத்தில் அடங்காத ண, ஞ, ஐ முதலியவற்றை இடப்பாதி, வலப்பாதி எனப் பிளந்து இரு கட்டங்களில் வைத்தேன்.

அப்பொழுது என் தந்தையார் என்னோடு தங்க வந்திருந்தார். கும்பகோணத்தில் நாற்பதாண்டு அச்சுக் கோத்தவர். அச்சகம் மூடப்பட்டுவிட்டது, பெங்களூரில் பேச்சுத் துணையுமில்லை. நாள் முழுதும் சன்னலோரம் வாய்திறவாமல் அமர்ந்திருப்பார். ஒரு நாள் மாலை அவரைத் திரைமுன் அழைத்து வந்தேன். சற்றுநேரம் உற்றுப் பார்த்தவர், "ட காலை நீட்டி அடுத்த எழுத்தை உதைக்கிறது, ண நடுவே விரிசல் விட்டிருக்கிறது. இதையா தமிழ் என்கிறாய்?" என்றார்.

படியெடுக்கும் வழக்கத்தை நிறுத்த ஒரு பதிவேடு உண்டு. ஆனால் பதிவேட்டின் எண்ணையும் மதிப்பையும் 3சி0 என்னும் ஒரே வாயிலில் மாறி மாறிச் செலுத்த வேண்டும். இப்பொழுது யார் முறை என்று பொறி தானாகச் சொல்லாது. 3டிஏ என்னும் வேறொரு வாயிலை ஒருமுறை படித்தால்தான் முறை தொடக்கத்துக்குத் திரும்பும். எண்ணோடு 32-ஐக் கூட்டியனுப்ப மறந்தாலோ திரையே இருண்டுவிடும். நான் மறந்தேன். "உள்ளதையும் கெடுத்தாயே" என்று எழுந்து போய்விட்டார் தந்தையார்.

மூன்றாம் இரவு பதிவேடு வசப்பட்டது. ட கால் மடக்கியது. ண-வின் விரிசல் மட்டும் மாறவில்லை.

"அந்த முப்பத்திரண்டு அறையில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

"க முதல் வரிசையாக வைத்திருக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். பெங்களூர் வந்தபின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். "அச்சுக் கேஸில் நெடுங்கணக்குப்படியா எழுத்தை வைப்போம்? எது எங்கே வேண்டுமோ அங்கேயல்லவா வைப்போம்! ஒட்ட வேண்டியதை ஒட்டும் அறையில் போடு."

எனக்கு உறைத்தது. பதிவேட்டைப் பழைய நிலைக்கே திருப்பினேன். தனி எழுத்துகளை வெளியேற்றி, அகல எழுத்துகளின் இடப்பாதிகளை அந்த 32 அறைகளுக்குள் குடியேற்றினேன். ட உதைக்கவில்லை. ண-வின் இடப்பாதியிலிருந்து புறப்பட்ட கோடு ஒன்பதாவது புள்ளியைப் பாலமாகக் கொண்டு வலப்பாதியைச் சேர்ந்தது. நான் நிறுத்தப் பாடுபட்ட பழக்கமே வேலையை முடித்துக் கொடுத்தது.

அதன்பின் இரண்டு மாதம் அவர் சன்னலோரம் அமரவேயில்லை. கட்டத் தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தார். 1978-இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் எங்கள் சுமை குறைந்தது. ஆயினும் துதிக்கை போட்ட பழைய லையையும் னையையும் அவர் மனமின்றியே கைவிட்டார்.

பின்னர் விண்டோஸ் வந்தது. எழுத்துகளைப் படமாகவே வரையும் திரையில் ஒன்பதாவது புள்ளிக்கு வேலையில்லை. யூனிகோடு அட்டவணை தமிழுக்கு நிலையான எண்களை அளித்தது. தந்தையார் 1996-இல் காலமானார். அவருடைய கட்டத் தாள்களை வாயிலருகே மேசைமீது வைத்திருக்கிறேன், விரும்புவோர் பார்க்கலாம். ஐ வரைந்த தாளை மட்டும் மெல்லக் கையாள வேண்டுகிறேன். மூன்று முறை அழித்தெழுதியதில் அது ஓரிடத்தில் ஓட்டையாகியிருக்கிறது.