திரைப்படத்துக்கென எழுந்த ஊரும் பாலமும்



மனிதன் எழுப்பும் கட்டடங்களுள் மிகக் குறைந்த ஆயுளுடன் பிறப்பது திரைப்படத்துக்கென அமைக்கப்படும் காட்சிக் கட்டடமே எனலாம். கோயில் கட்டுவோன் தலைமுறை தலைமுறையாக அது நிற்க வேண்டுமெனக் கட்டுகின்றான். வீடு கட்டுவோன் பேரப்பிள்ளைகளை மனத்திற் கொண்டு கட்டுகின்றான். படக் கலைஞனுக்கோ படப்பிடிப்பு முடியும் நாள்வரை நின்றாற் போதும். அதுவும் கமரா நோக்கும் பக்கம் மட்டும் முழுமையாக இருந்தாற் போதும். பின்புறத்தில் முட்டுக் கொடுத்த சட்டங்களும் ஆணியும் கயிறுமே காணப்படும். ஆயினும் இத்தகைய கட்டடங்களுட் சில, கட்டியவர் எண்ணியதற்கு மாறாக, நிலைத்து நின்றுவிட்டன. அவற்றைக் காணக் குடும்பம் குடும்பமாக மக்கள் செல்கின்றனர்.

மத்தியதரைக் கடலில் மோல்டா என்றொரு சிறிய தீவு உண்டு. அதன் வடமேற்குக் கரையில், மெல்லீஹா என்னும் ஊருக்கு அண்மையில், அங்கர் பே எனப்படும் சிறு விரிகுடா அமைந்துள்ளது. செங்குத்தான பாறைகளுக்கிடையே நீலக்கடல் உள்நுழைந்து நிற்கும் அவ்விடத்தில், 1979ஆம் ஆண்டிலே ஒரு முழுக் கிராமத்தையே மரத்தினாற் கட்டினர். 'பொப்பாய்' என்ற அமெரிக்கப் படத்துக்காகவே அது கட்டப்பட்டது. பொப்பாய் என்பவன் கீரையை உண்டு வலிமை பெறும் மாலுமி. 1929ஆம் ஆண்டிற் செகார் என்னும் சித்திரக்காரர் பத்திரிகைக் கேலிச் சித்திரத்திற் படைத்த பாத்திரம். நம் வீடுகளிற் கீரை உண்ண மறுக்கும் குழந்தைகளுக்கு அவனைக் காட்டிப் பயன் கண்ட தாய்மாரும் இருக்கக்கூடும். கண்டோர் தொகை பெரிதாயிராது.

அக்கிராமத்தைக் கட்ட 165 பேர் ஏழு மாதம் உழைத்தனர். அத்தீவு கல்லுக்குப் பெயர்பெற்றது, மரத்துக்கு அன்று. ஆகவே மரங்கள் ஒல்லாந்திலிருந்தும், கூரை வேயும் மரவோடுகள் கனடாவிலிருந்தும் கப்பலில் வந்திறங்கின. ஆணி மட்டும் எட்டுத் தொன். வர்ணம் 2,000 கலன். கடல் சீறி எழுந்து கட்டியதை வாரிச் சென்றுவிடாதிருக்க விரிகுடாவின் வாயிலிலே அலைதடுப்பு அணை ஒன்றும் போடப்பட்டது. றொபேட் அல்ட்மன் இயக்கி, றொபின் வில்லியம்ஸ் நடித்த அப்படம் 1980 டிசம்பரில் வெளியாயிற்று. படம் வந்தது, ஓடிற்று, ஓய்ந்தது. கிராமமோ அங்கேயே நின்றுவிட்டது. கோணலான கூரைகளும் சாய்ந்த சுவர்களும் கொண்ட அவ்வண்ண வீடுகள் இன்று கட்டணம் செலுத்தி உட்செல்லும் கேளிக்கைப் பூங்காவாக விளங்குகின்றன. பிள்ளைகள் படிகளில் ஏறி இறங்குகின்றனர். மாலுமி வேடமிட்டோர் அவர்களுடன் ஆடிப் பாடுகின்றனர். தந்தைமார் படகிலேறி விரிகுடாவைச் சுற்றி வருகின்றனர். கடற்காற்றும் உப்பும் ஆண்டுதோறும் மரத்தை அரிக்கின்றன. ஆகவே பழுது பார்த்தலும் வர்ணம் பூசுதலும் அங்கு ஓயாத வேலை.

இதனைப் போலி என்று இகழ்வோர் உளர். அவ்விகழ்ச்சி பொருந்துவதன்று. பொப்பாய் என்று ஒருவன் உலகில் இருந்ததில்லை. அவன் ஊரும் இருந்ததில்லை. இல்லாத ஒன்றை எல்லாரும் அறிய விளையாட்டாகக் கட்டி வைத்தால், அதனால் எவரும் ஏமாற்றப்படவில்லை. பிள்ளைகளும் அதனை நன்கறிவர். மெய்யாகவே நிகழ்ந்த ஒன்றின் மீது கட்டப்படும் காட்சியே பெற்றோரைச் சிந்திக்க வைக்க வேண்டியது. அத்தகைய இடம் ஒன்றைக் காண மோல்டாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. சப்ரகமுவ மாகாணத்துக்கு உள்ளேயே அது இருக்கின்றது.

கலவானப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு குடும்பம் விடுமுறை நாளிற் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். தந்தை, தாய், இரு பிள்ளைகள், அவர்களுடைய அப்பாயி. சிங்கராசக் காட்டின் மழை ஓயாத அம்மலைச் சரிவிலிருந்து விடியற்காலையில் இறங்கி, நிவித்திகலை வழியாக இரத்தினபுரி வந்து, அங்கிருந்து அவிசாவளைக்கு வேறொரு பஸ்ஸிலேறி, அவிசாவளையில் மீண்டும் மாறி, அட்டன் செல்லும் வீதியில் யட்டியாந்தோட்டையைக் கடந்தால் கித்துள்கலை வந்துவிடும். இரு மருங்கிலும் றப்பர், அப்பால் காடு, கீழே களனி கங்கை. கட்டுச்சோறு மடியிலிருக்கும். இளையவனுக்குத் தலை சுற்றும். மூன்று பஸ் மாறிச் செல்லும் குடும்பத்துக்கு இது சிறு செலவன்று. ஒரு கிழமைக் கைக்காசு அதிலே போய்விடும்.

கித்துள்கலையில் வீதியிலிருந்து ஒற்றையடிப் பாதையொன்று ஆற்றை நோக்கி இறங்குகின்றது. மழைக்காலத்தில் அது வழுக்கும், அட்டையும் உண்டு. மேலேயுள்ள நீர்மின் நிலையங்களிலிருந்து நீர் திறக்கப்படும் வேளைகளில் ஆறு சட்டென உயரும். ஆகையாற் பிள்ளைகளை ஆற்றிலிறங்க விடலாகாது. கரைக்குச் சென்று பார்த்தால் அங்கே காணப்படுவன சில கொங்கிறீற்று அடித்தளங்கள் மட்டுமே.

"ஏம்ப்பா, பாலம் எங்கே?" என்று மூத்தவன் கேட்பான்.

"வெடி வச்சு ஒடைச்சிட்டாங்கடா."

"அப்ப கட்டினதே ஒடைக்கத்தானா?"

ஆம், உடைப்பதற்காகவே கட்டப்பட்ட பாலம் அது. பியர் புல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவி, டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' என்ற படம் 1956இலும் 1957இலும் இலங்கையிற் பிடிக்கப்பட்டது. யப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலப் படைவீரர்கள் சயாம் நாட்டுக் காட்டில் புகையிரதப் பாலம் கட்டுவதே கதை. அக்காட்டுக்குப் பதிலாகக் கித்துள்கலைக் காடும், அந்நதிக்குப் பதிலாகக் களனி கங்கையும் நடித்தன. கதையில் வரும் இராணுவ வைத்தியசாலையாகக் கடலோரத்துக் கல்கிசை ஓட்டல் நடித்தது. கல்கிசைக் கடற்கரைக்குப் பிள்ளைகளுடன் செல்வோரிற் பலர் இதனை அறியார்.

பாலம் 425 அடி நீளமும் 50 அடி உயரமும் உடையது. மரங்களை இழுக்க யானைகள் பயன்பட்டன. இரண்டரை இலட்சம் டொலர் செலவாயிற்றெனப் பட விளம்பரங்கள் முழங்கின. உண்மைச் செலவு 52,000 டொலர் அளவே என்று பின்னர் தெரியவந்தது. விளம்பரத்துக்கு வாய் பெரிது. 1957 மார்ச் 10ஆம் நாள், பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா முன்னிலையிற் பாலத்தைத் தகர்க்க ஏற்பாடாயிற்று. கமராக்காரர் ஒருவர் உரிய நேரத்தில் அப்பாற் செல்ல இயலாமற் போகவே வெடி நிறுத்தப்பட்டது; ஓட்டுவாரின்றி வந்த புகைவண்டி பாலத்தைக் கடந்து அக்கரையிலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதிற்று. அதனைச் செப்பனிட்டு மறுநாட் காலை மீண்டும் ஓட்டினர், வெடித்தது, பாலமும் வண்டியும் ஆற்றில் வீழ்ந்தன. அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

இவ்வளவும் பிள்ளைகளுக்குச் சுவையான செய்தியே. தந்தை தொலைக்காட்சியிற் கண்ட காட்சிகளைக் கை காட்டி விளக்குவார். பிள்ளைகள் வண்டி விழுந்த இடத்தைத் தேடுவர். ஆற்றில் மிதவைப் படகேறிக் கூச்சலிட்டுச் செல்லும் உல்லாசப் பயணிகளைப் பார்த்து அவர்களும் கை அசைப்பர். அப்பாயி மட்டும் பாறைமீது அமர்ந்தவாறு ஒரு கேள்வி கேட்டாரென்று கொள்வோம்: "அந்தப் படத்தில நம்ம ஆளுங்க வர்றாங்களா?"

படம் பார்த்தவர் எவரும் இல்லையென்றே விடை கூறுவர். ஆனால் அவ்விடை படத்துக்குப் பொருந்துமேயன்றி, வரலாற்றுக்குப் பொருந்தாது.

சயாமையும் பர்மாவையும் இணைத்து யப்பானியர் அமைத்த அப்புகையிரதப் பாதை 415 கிலோமீற்றர் நீளமுடையது. 1942ஆம் ஆண்டிற் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிக்கப்பட்டது. அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேற்பட்டோர். மாண்டோர் 12,000 பேருக்கு மேல். இவர்களுடைய துயரத்தைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆனால் இவர்களினும் பன்மடங்கினராகப் பர்மியரும், யாவகரும், மலாயரும், சீனரும், தமிழரும் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். 1,80,000 முதல் 2,50,000 வரை என்பர். அவர்களில் மாண்டோர் 90,000 அளவினர் என்பது பெரிதும் எடுத்துரைக்கப்படும் கணக்கு. இத்தமிழரில் மிகப் பலர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிற் பால்வெட்டியவர்கள்.

சப்ரகமுவத் தோட்டத்தாருக்கு இவர்கள் அயலாரல்லர். திருச்சிராப்பள்ளியிலும் சேலத்திலும் தஞ்சாவூரிலும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிப் புறப்பட்ட மக்களுட் சிலர் மண்டபம் வழியாகத் தலைமன்னாரில் இறங்கினர். சிலர் நாகபட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். ஆட்சேர்க்கும் கங்காணி முறைகூட இலங்கைத் தோட்டங்களிலிருந்தே மலாயாவுக்குப் போயிற்று. ஒரே ஊர் மக்கள், ஒரே குலதெய்வம், கப்பல்தான் வேறு.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் றப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களிற் சம்பளமில்லை, அரிசியில்லை. சில மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு டொலர், உணவும் உடையும் உண்டு என்று யப்பானியர் அறிவித்தபோது முதலிற் பலர் தாமே சென்றனர். சென்றவர் திரும்பாமையைக் கண்டு ஏனையோர் மறுக்கத் தொடங்கியதும் பலாத்காரம் தொடங்கிற்று. அக்காலத்து நினைவுக் குறிப்புகளிற் கூறப்படும் ஒரு செய்தி இங்கு குறிப்பிடத்தக்கது. இலவசமாகத் திரைப்படம் காட்டப்படுமென அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவுகளைப் பூட்டி, உள்ளிருந்த ஆடவரைப் பிடித்துப் புகைவண்டியில் ஏற்றினராம். படம் பார்க்க வந்தவன் சயாமுக்குப் போனான். அவனுடைய துயரக் களத்தைப் பின்னர் உலகம் படமாகப் பார்த்தது. அப்படத்தில் அவன் இல்லை.

போர்க்கைதிகளிடையே படை ஒழுங்கிருந்தது; மருத்துவ அதிகாரிகள் இருந்தனர். தோட்டத்துத் தமிழனுக்கு இரண்டும் இல்லை. கூரை ஒழுகும் கொட்டில்களில் மனைவி மக்களுடன் கிடந்தோரும் உளர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி புகுந்தபோது முகாம் முகாமாக மக்கள் மடிந்தனர். பெயர் குறிப்பாரின்றிப் புதைக்கப்பட்டனர். மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண இரயில்' என்ற நாவலை 1993ஆம் ஆண்டில் வெளியிட்டார்; அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலும் இப்பொருள் பற்றியதே. பாடசாலை நூலகங்களில் இவ்விரண்டும் இடம்பெறுவது நன்று.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் மெய்யான பாலம் இன்றும் நிற்கின்றது. அது மரத்தாலன்று, இரும்பாலானது. அது கடக்கும் ஆற்றின் பெயரும் முன்னர் குவாய் அன்று, மேகுளோங் என்பதே. படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் நதி எங்கே, எங்கே என்று கேட்டதனால், 1960ஆம் ஆண்டில் ஆற்றின் அப்பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றினர். கதைக்கு ஏற்ப ஆறு தன் பெயரை இழந்தது. அந்நகரில் போர்க்கைதிகளின் மயானம் உள்ளது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயர் பொறித்துப் பேணப்படுகின்றன. ஆசியத் தொழிலாளருக்கு அத்தகைய மயானம் அமையவில்லை. எண்பது ஆண்டுகள் கழிந்தபின், 2023ஆம் ஆண்டிலேதான், அங்குள்ள தமிழர் முயற்சியால், மாண்ட தமிழ்த் தொழிலாளருக்கென ஒரு நடுகல் எழுப்பப்பட்டது.

அப்பாயியின் கேள்விக்கு விடை இத்துணை நீளமுடையது. கித்துள்கலைக் கரையில் நின்று இதனை முழுதும் சொல்லப் பொழுது போதாது. பிற்பகலில் மழை இறங்கும். அவிசாவளையில் இரத்தினபுரிப் பஸ்ஸைத் தவறவிட்டால் கலவானக் கடைசி பஸ்ஸும் தவறிப்போகும். வண்டியில் இளையவன் தாயின் மடியில் உறங்கிவிடுவான். மூத்தவன் உறங்கமாட்டான். கதவு பூட்டிய கொட்டகையைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வருவான். அப்பாயி அவனுக்கு மலாயாவுக்குப் போய்க் கடிதம் வராமற் போன தம் சிறிய பாட்டனாரின் பெயரைச் சொல்லுவார்.