கேட்டால் சொல்லமாட்டார்கள், எண்ணினால் தெரியும்

(கவுஞ்சியில் மாணவர்கள், இயக்கத் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நிறுவனங்களிலும் இணையத்திலும் மனிதர்கள் நடந்துகொள்வதை எப்படி ஆராய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டவுடனே, இது பல்கலைக்கழகத்துச் சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. சேரியை ஆராய்ந்து பட்டம் வாங்கினவர்கள் எத்தனையோ பேர். நாம் எவ்வளவு படித்திருக்கிறோம், என்ன சாப்பிடுகிறோம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறோம், எல்லாம் அவர்கள் நோட்டில் ஏறியிருக்கிறது. அதே நோட்டு ஊருக்குள் போவது குறைவு. மேனேஜர் அறைக்குள் போவது அதைவிடக் குறைவு. சாதி என்பது சேரியில் இருக்கிற குறை அல்ல. அது ஊரும் அலுவலகமும் நம்மிடம் நடந்துகொள்கிற விதம். ஆராய வேண்டியது அந்த நடத்தையைத்தான்.

இங்கிருந்து மன்னவனூர், பூம்பாறை தாண்டி மலை இறங்குகிற பிள்ளைகள் மில்லுக்கும் கம்பெனிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். பூண்டுக்காட்டில் யார் என்ன சாதி என்று எல்லாருக்கும் தெரியும். கம்பெனியிலோ, ‘இங்க அதெல்லாம் பாக்கறதில்ல தம்பி’ என்பார்கள். இந்த வாக்கியம் உண்மையா பொய்யா என்று சோதிக்க என்ன வழி?

கேட்டுப் பார்ப்பது முதல் வழி. அது எவ்வளவு தூரம் போகும்? 1930களின் தொடக்கத்தில் லபியர் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர், சீனத் தம்பதி ஒருவரோடு அந்த நாட்டைச் சுற்றினார். சீனர் மீது வெறுப்பு நிறைந்திருந்த காலம். 250 விடுதிகள், உணவகங்கள் வரை ஏறி இறங்கினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் வெளியே போகச் சொன்னார்கள். பிறகு அதே இடங்களுக்கு, ‘சீனரை அனுமதிப்பீர்களா?’ என்று கடிதம் போட்டார். பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். 1934-இல் இதை வெளியிட்டார். சொல் வேறு, செயல் வேறு என்பதற்கு இன்றும் காட்டப்படுகிற ஆய்வு இது. நம்ம நாட்டில் இது தலைகீழ். சொல்லில் சமத்துவம், செயலில் சாதி.

2007-இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களில் ஆளெடுக்கிற அதிகாரிகள் 25 பேரைச் சந்தித்த ஆய்வு வந்தது. ‘திறமை ஒன்றுதான் பார்க்கிறோம்’ என்பதே அங்கே கேட்ட பேச்சு. அதே வாயால், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்ன வேலை, எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் படித்தவர்கள். சாதி என்ற சொல்லே வராமல் சாதி உள்ளே வந்துவிடுகிறது. நேர்காணல் முறையால் இவ்வளவு பிடிக்கலாம். சொன்னதை மட்டும் எழுதாமல், சொன்னதற்குள் இருக்கிற முரணையும் எழுத வேண்டும்.

அதே 2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் வேறு வழியில் போனார்கள். யாரையும் கேட்கவில்லை. பத்திரிகையில் வந்த தனியார் வேலை விளம்பரங்கள் 548-க்கு மொத்தம் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் சமம். பெயர் மட்டும்தான் வேறு. உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். யாருக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் விகிதத்தை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்றது கணக்கு. எந்த மேனேஜரும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் பதில் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெல்லியில் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் இதே முறையில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சாஃப்ட்வேர் வேலைகளில் இப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. நமக்குப் பிடிக்காத முடிவு என்று இதை மறைக்கக் கூடாது. மறைத்தால் நாளைக்கு நம்ம கணக்கையும் ஒருத்தனும் நம்பமாட்டான். அழைப்பு வந்தபிறகு நேர்காணலில் என்ன ஆகிறது, சேர்ந்தபிறகு பதவி உயர்வில் என்ன ஆகிறது என்பதை அந்த முறை பார்ப்பதில்லை. அதற்கு வேறு முறை வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சன்னல்தான், அது முழு வீட்டையும் காட்டாது.

டெல்லிக் கருவியை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. இன்று நம்மிடம் இருப்பது இனிஷியல். பெயரைப் பார்த்துச் சாதி கண்டுபிடிப்பது இங்கே எளிதல்ல. ஆனா கண்டுபிடிக்காமலா இருக்கிறான்? முகவரியைப் பார்க்கிறான். ‘காலனி’ என்று இருந்தால் போதும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று புரியும். ஆக, இங்கே மாற்றிப் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, முகவரியை. ஒரே படிப்பு, ஒரே மதிப்பெண், ஒன்றில் காலனி, இன்னொன்றில் மெயின் ரோடு. யாராவது செய்யுங்கள்.

பள்ளிக்கூடமும் ஒரு நிறுவனம்தான். அங்கே மாணவர்கள் சாதி தெரியும்படி வண்ணக் கயிறு கட்டுவதைக் கவனித்துச் சொன்னவர்கள் பயிற்சியிலிருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். அதன் பேரில் 2019-இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் மறுபடியும் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. ‘உங்க பள்ளியில சாதி இருக்கா?’ என்று தலைமையாசிரியரைக் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்குமா? மணிக்கட்டைப் பார்த்ததால் வந்தது. ஆனால் அடையாளம் மாறிக்கொண்டே இருக்கும். டீக்கடையில் இரட்டைக் குவளையை எண்ணுகிறோம். எல்லாருக்கும் பேப்பர் கப் வந்துவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம் ஆகிவிடும். தீண்டாமை ஒழிந்துவிட்டதா? யார் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறார், யார் நின்றுகொண்டு குடிக்கிறார் என்று அப்போது பார்க்க வேண்டும்.

நம்ம நடத்தையும் நிறுவனத்துக்குள்ளே மாறுகிறது. உத்தரப்பிரதேச கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் பாதை கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது எல்லாச் சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமமாகச் செய்தார்கள். சாதியை எல்லார் முன்னாலும் அறிவித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்கள் 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. அதே பையன், அதே மூளை. பின்னே குறைந்தது யாருடைய ‘திறமை’? இதைக் கையில் வைத்துக்கொண்டு தகுதி பற்றிப் பேசுகிறவர்களிடம் பேசுங்கள்.

இனி கையிலிருக்கிற செல்போன். அங்கே ஒளிக்கிறதே இல்லை, அப்படியே திட்டுகிறார்கள், அதை எடுத்துப் போட்டால் ஆய்வு ஆகிவிடும் என்று நினைக்கிறோம். உங்கள் கண்ணில் படுவது உலகம் இல்லை. நீங்கள் எதைப் பார்த்து நிற்கிறீர்களோ அதையே மேலும் மேலும் தள்ளிவிடுகிற ஏற்பாடு அது. நூறு வசைப் பதிவைக் காட்டி ‘தமிழ்ச் சமூகம் இப்படி’ என்று எழுத முடியாது. ஈக்குவாலிட்டி லேப்ஸ் 2019-இல் வெளியிட்ட அறிக்கை நல்ல வழியைக் காட்டுகிறது. ஃபேஸ்புக்கில் சாதி, மத வெறுப்புப் பதிவுகள் ஆயிரத்துக்கு மேல் எடுத்தார்கள், புகார் செய்தார்கள், கம்பெனி என்ன செய்கிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். மிகப் பெரும்பாலானவை நீக்கப்படாமலே கிடந்தன. திட்டினவனோடு, அவனுக்குத் திண்ணை போட்டுக்கொடுத்த நிறுவனத்தின் நடத்தையும் கணக்கில் வந்தது. பதிவு, தேதி, புகார் செய்த நாள், வந்த பதில் என்று நாலு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும்.

ஆனால் ஆய்வு என்பதும் ஓர் அதிகாரம். 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் 6,89,003 பேருடைய பக்கத்தில் வருகிற பதிவுகளைக் கூட்டிக் குறைத்து, அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று சோதித்தது. அவர்களில் யாரிடமும் தனியாகச் சம்மதம் வாங்கவில்லை. 2014-இல் வெளியானபோது உலகமே கேள்வி கேட்டது. நாமும் அதைச் செய்யக் கூடாது. நம் பெண்பிள்ளை ஒருத்தி தனக்கு நேர்ந்த அவமானத்தை எழுதியிருக்கிறாள் என்றால், பொதுவெளியில்தானே இருக்கு என்று வார்த்தை மாறாமல் எடுத்துப் போடாதீர்கள். அந்த வரியைத் தேடினால் அவள் பெயர் வந்துவிடும். அவளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கம்பெனிக்குள் வேலை செய்கிற தோழர் கொடுக்கிற தகவலும் அப்படித்தான். நம்ம கட்டுரைக்காக அவர் வேலை போகக் கூடாது.

கடைசியாக நம்ம மலைக் கதை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1983-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பாதரசக் கழிவு வெளியே கிடந்தது அம்பலமாகி 2001-இல் மூடப்பட்டது. வேலையால் தொழிலாளர் உடம்புக்குக் கேடு வரவில்லை என்பதே நிறுவனத்தின் வாதம். முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து தங்கள் நோய்களையும் சாவுகளையும் எடுத்து வைத்தார்கள். 2016-இல் 591 பேரோடு உடன்பாடு வந்தது. நடுவில் 15 வருடம். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, எந்த அறையில் யார் எத்தனை மணி நேரம் நின்றார், என்றைக்குத் தலை சுற்றியது, மேலாளர் என்ன சொன்னார் என்று தொழிலாளியின் கையிலும் ஒரு நோட்டு இருந்திருந்தால்?

அதனால், தம்பி தங்கைகளே, வேலைக்கோ படிப்புக்கோ போகிற இடத்தில் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். கூட்டிப் பெருக்குகிறவர்கள் யார், கையெழுத்துப் போடுகிறவர்கள் யார். சாப்பாட்டு மேசையில் யாருக்குப் பக்கத்தில் யார். உங்கள் ஊரை எத்தனை பேர், எத்தனை முறை கேட்டார்கள். தேதி போட்டு எழுதுங்கள். கோபத்தைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், கண்டதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ரெண்டும் நமக்கு வேணும். ஆனா ரெண்டையும் கலந்துவிட்டால் ரெண்டுமே வீணாகிவிடும்.