பூமி ஏன் நடுங்குது? நம்ம வீடு தாங்குமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார்கள். எனக்கு வந்தது நிலநடுக்கம். "விருத்தாசலத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் என்னடி சம்பந்தம்?"னு எங்க குழு அக்கா ஒருத்தர் சிரித்தார். சம்பந்தம் இருக்கு அக்கா. நம்மில் நிறைய பேர் இப்போ வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். அதனாலதான் இந்தத் தலைப்பு நமக்கு வேணும். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

எங்க ஆயா சொல்வாங்க, பாரம் தாங்காம பூமாதேவி புரண்டு படுக்கிறா, அதுதான் நிலநடுக்கம்னு. பாரம் என்பது சரிதான். அந்தப் பாரம் எங்கிருந்து வருது என்பதைத்தான் படித்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் காலுக்குக் கீழே இருப்பது ஒரே பாறை இல்லை. பூமியின் மேல் ஓடு பெரிய பெரிய துண்டுகளாக இருக்கிறது. இவற்றைத் தட்டுகள் என்கிறார்கள். பூமிக்குள் இருக்கும் சூட்டினால் இந்தத் தட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ரொம்ப மெதுவாகத்தான், நம் கை நகம் வளர்கிற வேகம். இந்தியா இருக்கும் தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போகிறது. அங்கே இன்னொரு தட்டோடு மோதுகிறது. அப்படி மோதி மேலே எழும்பியதுதான் இமயமலை.

இரண்டு பாறைகள் உரசும்போது சுலபமாக வழுக்கிப் போய்விடாது. ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் தள்ளுவது நிற்காது. ஒரு கரும்பை முழங்காலில் வைத்து வளைத்துப் பாருங்க. வளையும், இன்னும் கொஞ்சம் வளையும், திடீர்னு படக்குனு ஒடியும். ஒடியும்போது கை விர்ருனு அதிரும். பாறை விஷயமும் அதேதான். பல வருஷம் சேர்ந்த அழுத்தம் சில நொடியில் விடுபடும். அந்த அதிர்வு அலை அலையாக நாலாபக்கமும் ஓடும். வேகமான அலை முதலில் வரும். லாரி போகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு குலுக்கல். அடுத்து வருவதுதான் பலமான ஆட்டம்.

தென்னிந்தியா பழைய, கெட்டியான பாறை. நம் ஊருக்கே பழமலை என்றுதானே பெயர்! அதனால் இமயமலைப் பக்கம் போல இங்கே அடிக்கடி வராது. ஆனால் வராத இடம் என்றும் சொல்ல முடியாது. வடக்கே நடக்கும் மோதலின் அழுத்தம் இங்கே வரைக்கும் வரும். பாறைக்குள் இருக்கும் பழைய வெடிப்பு எங்காவது நழுவினால் நடுங்கும். 1900-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படி ஒன்று வந்திருக்கிறது.

2001 செப்டம்பர் 25 ராத்திரி 8.30 மணிக்குச் சற்று முன்பு புதுச்சேரிக்கு எதிரே கடலுக்கு அடியில் ஒன்று வந்தது. அளவு 5.5. சென்னை வரைக்கும் ஆடியது. நான் அப்போ ஏழாவது. தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அலமாரியில் எவர்சில்வர் தம்ளர் எல்லாம் கிணுகிணுன்னுச்சு. "சரக்கு வண்டி போவுது"ன்னாங்க ஆயா. ஜங்ஷன் ஊர்க்காரங்களுக்கு அப்படித்தானே தோணும்! ஆனால் வண்டிச் சத்தத்தையே காணோம், குண்டு பல்பு மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. சில நொடிதான். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தரையை நம்பி உட்கார முடியாமல் போகும்போது மனசுக்குள் ஒரு பயம் வரும் பாருங்க, அது வேறு எந்தப் பயம் போலவும் இல்லை.

அதற்கு மூன்று வருஷம் கழித்து நடந்தது நம் மாவட்டமே மறக்காதது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29-க்கு இந்தோனேசியாவில் சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் 9.1 அளவில் நிலநடுக்கம். அளவில் ஒன்று கூடினால் வெளிவரும் சக்தி சுமார் 32 மடங்கு என்கிறார்கள். அப்போ அது எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடலின் தரையே தூக்கிக்கொண்டதால் தண்ணீர் சுனாமியாகக் கிளம்பியது. நம் கடலூர்க் கரைக்கு அது வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தேவனாம்பட்டினத்தில், சோனாங்குப்பத்தில் ஜனங்களுக்கு அந்த இரண்டு மணி நேரமும் தெரியாது. சொல்வதற்கு அப்போது ஏற்பாடே இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2007-ல்தான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது.

நிலநடுக்கம் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. "இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வருது"ன்னு வாட்ஸப்பில் வந்தால் அது பொய். அடுத்த குழுவுக்கு அனுப்பாதீங்க. அப்போ நம்ம கையில் என்னதான் இருக்கு? வீடு இருக்கு.

மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் கில்லாரி என்று ஒரு ஊர். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, மணி நாலுகூட ஆகவில்லை. முந்தின நாள் பிள்ளையார் கரைத்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். 6.2 அளவில் வந்தது. அந்தப் பகுதியும் நம் ஊர் மாதிரி பயமில்லாத இடம் என்று நினைத்த இடம்தான். ஏறக்குறைய 10,000 பேர் இறந்துபோனார்கள். மண்ணை வைத்துக் கட்டிய கனமான கருங்கல் சுவர், மேலே மரம் அடுக்கி மண் கொட்டிய கூரை. ஆட்டத்தில் சுவர் பிரிந்தது, கூரை அப்படியே இறங்கியது. பூமி ஆடியதால் செத்தவர்களைவிட வீடு விழுந்து செத்தவர்கள்தான் அதிகம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வீடுகளைத் திரும்பக் கட்டும்போதும் பலப்படுத்தும்போதும், நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் பொறுப்பில் வைத்தார்கள். சுவயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பு அதற்குத் துணை நின்றது. எந்தச் சுவரில் என்ன கட்டுமானம் வேண்டும் என்று அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டு ஊருக்குச் சொன்னார்கள். பிறகு சேமிப்புக் குழுவும் ஆரம்பித்தார்கள். 2001-ல் குஜராத்தில் நிலநடுக்கம் வந்தபோது அங்கே போய் உதவினார்கள். சுனாமிக்குப் பிறகு நம் தமிழ்நாட்டுக்கும் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் பெரிய படிப்புப் படித்தவர்கள்? தெரிந்ததை அடுத்தவளுக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நம்ம செராமிக் வேலைக்குப் போகிற அக்காக்களுக்கு இது சட்டென்று புரியும். கப்புக்குக் காது ஒட்டும்போது சிலிப் சரியாகத் தடவவில்லை என்றால் சூளையில் எங்கே விரிசல் விடும்? ஒட்டின இடத்தில்தான். வீடும் அப்படித்தான். சுவரும் சுவரும் சேரும் மூலையில்தான் முதலில் பிரியும். அதனால் ஜன்னல், கதவுக்கு மேலே நாலு சுவரையும் சுற்றி, கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் வேண்டும். கதவுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டால் போதாது. அரைஞாண் கயிறு மாதிரி முழுசாகச் சுற்றி வரணும், மூலையில் கம்பி மடங்கிப் போகணும்.

எங்க வீடு கட்டும்போது கொத்தனாரிடம் கேட்டேன். "ஏதுக்கும்மா, நம்ம ஊர்ல பூகம்பமா வருது?"ன்னார். வந்தா நீங்க வந்து தாங்கிப் பிடிப்பீங்களான்னு கேட்டேன். குழுவில் பத்தாயிரம் உள்கடன் வாங்கிப் பெல்ட் போட்டோம். கடன் அடைந்துவிட்டது. பெல்ட் நிற்கிறது.

பெல்ட் போட்ட பிறகு தண்ணீர் விடுவது யார்? நாம்தான். ஏழு நாளாவது விடாமல் நனைக்கணும். இல்லையென்றால் நல்ல சிமெண்ட் போட்டும் வீண். செங்கல்லைத் தட்டிப் பாருங்க, கணீர்னு கேட்கணும். பீங்கானைத் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்கிற ஊர் நம்ம ஊர்.

ஆட்டம் வந்தால் என்ன செய்வது? கெட்டியான மேசை, கட்டிலுக்கு அடியில் போய் தலையை மூடிக்கொள்ளுங்கள். பீரோ, கண்ணாடி ஜன்னல் பக்கம் நிற்காதீங்க. ஆட்டம் நின்றதும் கேஸை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெட்டவெளிக்கு வாங்க. கரண்ட் கம்பம், தண்ணித் தொட்டி கீழே வேண்டாம். மறுபடியும் சின்னச் சின்ன ஆட்டம் வரலாம், விரிசல் விட்ட வீட்டுக்குள் உடனே போகாதீங்க. பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் பெண் கொடுத்தவர்கள் அவர்களுக்கும் சொல்லுங்கள்: பூமி பலமாக ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்கக் கூடாது, மேட்டுக்கு ஓடணும்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. வீட்டுக்காக நாம் கொடுக்கிற ஒவ்வொரு கடனிலும், பெல்ட் மட்டம் வந்ததும் அந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த தவணை கொடுக்கலாம் என்று தீர்மானம் போட வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகிற தங்கைகள் அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்கட்டும். அவர்களுக்குத் தெரியாத சுவரா? பூமாதேவியைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நம்மையும் அப்படி இருக்கச் சொல்வார்கள். வீடு கட்டும் இடத்தில் மட்டும் பொறுமையாக வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம். கேளுங்க. கேட்டுக் கட்டின சுவருக்குள்தான் நம் பிள்ளைகள் தூங்கப் போகிறார்கள்.