பக்கம் திறக்கவில்லையா? பயம் வேண்டாம்



நம் லம்பா லைனில் ஒரு அக்கா. மாலை வகுப்பில் படிக்கக் கற்றவர். சென்னையில் அவருடைய அம்மாவுக்கு உடல்நலம் இல்லை. உடனே போக வேண்டும். எங்கள் படிப்பகத்து வைஃபையில், கப்பல் டிக்கெட் தளத்தின் பெயரைத் தானே செல்போனில் அடித்தார். பக்கம் வரவில்லை. மூன்று முறை அடித்தார். வரவில்லை.

"எனக்கு எங்கே படிப்பு வருது? தப்பாத்தான் அடிச்சிருப்பேன்" என்று கண் கலங்கினார்.

நான் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

கடலடிக் கம்பியில் கோளாறோ? 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடிக் கம்பி வழியாக இணையம் வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். ஆனால் மற்ற தளங்கள் திறந்தன. எனவே கம்பியில் கோளாறு இல்லை.

பிறகு காரணம் என்ன?

இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெயர் உண்டு. நாம் பெயரை அடிக்கிறோம். செல்போனுக்குத் தேவை எண். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. டெலிபோன் டைரக்டரி போல. அதன் பெயர் டி.என்.எஸ்.

அங்கே ஒரு காவலாளியை நிறுத்தலாம். மோசடித் தளங்கள், ஆபாசத் தளங்களின் பட்டியல் அவரிடம் இருக்கும். பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால் எண்ணைத் தரமாட்டார். இதுதான் வடிகட்டி. பிள்ளைகள் வருவதால் படிப்பகத்திலும் வைத்திருக்கிறோம்.

பட்டியலில் சில நேரம் நல்ல பெயரும் சிக்கிவிடும். 2012இல் '3' என்ற தமிழ்ப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய நிறுவனங்கள் சில தளங்களை முழுவதுமாகவே அடைத்தன. நல்ல படங்கள் உள்ள விமியோவும் அடைபட்டது. திருட்டுப் பிரதி உள்ள பக்கத்தை மட்டும் தடுத்தால் போதும் என்று அந்த ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நமக்கு இப்படி நடந்தால் என்ன செய்வது?

1. எழுத்தைச் சரிபாருங்கள்.
2. வேறு தளம் திறக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே திறக்காவிட்டால் கோளாறு இணைப்பில்.
3. வைஃபையை அணைத்து, சிம் கார்டு டேட்டாவில் திறந்து பாருங்கள். திறந்தால், பெரும்பாலும் வடிகட்டிதான் தடுத்திருக்கும்.
4. வடிகட்டியைக் கவனிப்பவரிடம் பெயரையும் நேரத்தையும் சொல்லுங்கள். அவர் பதிவேட்டைப் பார்த்து, அந்த ஒரு பெயரை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பார்.
5. செல்போன் பழைய பதிலைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

அக்காவுக்கும் இப்படியே செய்தோம். தளம் திறந்தது. ஆனால் பணம் கட்டும் பக்கம் வரவில்லை. அதற்கு வேறு பெயர். பதிவேட்டில் அதுவும் இருந்தது. சரியான பெயர்தானா என்று பார்த்து அதையும் சேர்த்தோம். டிக்கெட் கிடைத்தது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கோபத்தில் வடிகட்டியையே எடுத்துவிடாதீர்கள். யாரோ அனுப்பிய எஸ்.எம்.எஸ்ஸில் உள்ள தளம் திறக்கவில்லையா? காவலாளி நம் பணத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

பக்கம் திறக்காவிட்டால் தலைகுனிய வேண்டாம். அக்காவைத் தடுத்தது ஒரு பட்டியல். அவருடைய படிப்பு அல்ல. சரிபாருங்கள். தயங்காமல் கேளுங்கள்.