அலரியை அறிதலும் வளர்த்தலும்



சிவபெருமானுக்குச் சாத்தும் மலர்களுள் அலரி சிறப்புடையது. பேச்சு வழக்கில் அரளி என்பதும், வடமொழியில் கரவீரம் என்பதும் இதுவே. திருவாரூருக்கு அருகிலுள்ள திருக்கரவீரம், திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற தலம். அதன் தலமரம் அலரி. கேலாங் ஈஸ்ட்டில் 1993 முதல் ஸ்ரீ சிவன் ஆலயம் விளங்கி வருகிறது. அப்பெருமானை வழிபடும் அன்பர்கள், அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தொட்டி அலரி வைத்துத் தம் கையாலேயே மலர் பறித்துச் சாத்த விரும்புவது இயல்பே. அவ்விருப்பம் போற்றத்தக்கது. ஆயினும் தொட்டி வாங்கும் முன்னர் அச்செடியின் தன்மையை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

அலரியின் இலை, பூ, தண்டு, வேர், விதை ஆகிய அனைத்தும் நஞ்சுடையவை. ஒலியாண்ட்ரின் முதலிய அந்நஞ்சுகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பவை. காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அவை நீங்குவதில்லை. 2024-ஆம் ஆண்டு கேரளத்தில் இளம்பெண் ஒருவர் இறந்ததற்கு அரளி இலையை மென்றதே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதனையடுத்து அவ்வாண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. பூசைக்கு அதனை விலக்கவில்லை. இம்முடிவு மிகப் பொருத்தமானதே. துளசியையும் வில்வத்தையும் பிரசாதமாக வாயிலிடும் வழக்கம் அடியார்களிடம் உண்டு. அப்பழக்கத்தில் அலரி இதழும் வாய்க்குள் சென்றுவிடலாகாது அன்றோ?

இனி இனம் காணும் முறை. கிள்ளினால் பால் வருகிறதா என்று பார்ப்பது போதாது. இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றில் பால் வரும். இலையைப் பார்த்தலே நலம். அலரியில் பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள் வட்டமாக நிற்கும். அவை நீண்டு, தடித்து, நடுநரம்பு நன்கு தெரிய அமைந்திருக்கும். பூவின் தொண்டையில் கிழிந்த ஓரமுடைய சிறு வளையம் ஒன்றுண்டு. நந்தியாவட்டையிலோ இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டு; பூ வெண்மை, இதழ்கள் காற்றாடி போல் ஒருபுறம் திரும்பியிருக்கும். பொன்னரளியின் இலைகள் ஒடுங்கி, தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பூ மஞ்சள் மணி போன்றது. அதன் விதை கொடிய நஞ்சு. சீனப் புத்தாண்டுக் காலத்தில் விற்பனைக்கு வரும் பாலைவன ரோஜாவின் அடிமரம் பருத்திருக்கும். இலைகள் கிளை நுனியில் கூடி நிற்கும். அதனிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. நந்தியாவட்டையில் அவ்வகை நஞ்சு இல்லை எனினும் அதுவும் உண்ணத்தக்கதன்று. சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கு அலரியினும் செம்பருத்தியே ஏற்றது.

வளர்ப்பது எளிது. பாதி முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் நடலாம். நீரில் வைத்தும் வேர்விடச் செய்யலாம். ஆனால் அந்நீரும் நஞ்சேறியதாதலின் குடிக்கும் கோப்பையை அதற்குப் பயன்படுத்தலாகாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலான தாழ்வாரத்தில் செடி இலை மட்டும் தழைத்து, பூவின்றி நிற்கும். புதுத்தளிரின் நுனியில்தான் மலர் வருமாதலால், பூத்து முடிந்த கிளையை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுக. கையுறை அணிந்து வெட்டுக. வெட்டிய கிளையை எரித்தலாகாது. அப்புகையும் தீங்கு செய்யும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு இடமளிக்கும். அதனை நாள்தோறும் கொட்டிவிடுக. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழியை அடைக்காமல், அண்டை வீட்டுக் குழந்தையின் கைக்கு எட்டாதவாறு தொட்டியை அமைத்தல் வேண்டும்.

குழந்தை தவறி இலையை மென்றுவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய முயலாது 995-ஐ அழைத்து, செடியின் கிளையொன்றையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் நலம்.

ஆலயத்துக்கு அலரி கொண்டுவரும் அன்பர்கள் அதனைப் பழத்தட்டிலும் பால் செம்பின் மேலும் வைக்காது, தனித்தட்டில் அர்ச்சகரிடம் தருக. பறித்த கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தேங்காயையும் பழத்தையும் எடுத்து வைத்தல் வேண்டும்.