வள்ளத்தை விட்டிறங்கிய மூவர்



சென்ற தவணையில் ஒரு நாள், ஆசிரியர் ஒருவர் விடுப்பில் நின்றமையால், ஒன்பதாம் வகுப்பிற்குப் புவியியல் கற்பிக்க நான் சென்றேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆறு என்று சுட்டிக்காட்டுவதற்கு வழுக்கியாறு ஒன்றே உண்டு. அதுவும் மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடும். ஆகவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 1869ஆம் ஆண்டுக் கோடையிலே கொலராடோ ஆற்றில் பத்துப் பேர் வள்ளமேறிச் சென்ற வரலாற்றைச் சொன்னேன். முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இடைவழியில் இறங்கிப்போன மூவரும் செய்தது பிழையா?" என்று வினவினான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவையே இன்று உங்கள் முன்னும் வைக்கிறேன்.

அப்பயணத்தின் தலைவர் ஜோன் வெஸ்லி பவல். அவரும் எம் இனத்தவரே, அதாவது, ஆசிரியர். இலினோய் மாநிலத்தில் நிலவியல் கற்பித்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, 1862இல் நிகழ்ந்த சைலோச் சமரில், வலக்கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். அத்தகைய ஒருவர், அதுவரை எவரும் முறையாக ஆராய்ந்திராத மலைப்பிளவுகளினூடே ஏறத்தாழ ஆயிரம் மைல் ஆற்றுவழி செல்லத் துணிந்தார்.

சிக்காகோ நகரில் நான்கு வள்ளங்கள் கட்டப்பட்டன. மூன்று ஓக் மரத்தாலானவை. ஒவ்வொன்றும் 21 அடி நீளம். நான்காவது சிறியது, 16 அடி; பவல் அதற்குத் தம் மனைவியின் பெயரால் 'எம்மா டீன்' என்று பெயரிட்டார். மே மாதம் 24ஆம் நாள் வயோமிங்கிலுள்ள கிறீன் றிவர் என்னும் புகையிரத நிலையத்தருகே அவை நீரில் இறங்கின. பத்து மாதத்துக்குப் போதிய உணவு ஏற்றப்பட்டிருந்தது.

தண்டு வலிப்போர் போகுந் திசைக்கு முதுகைக் காட்டியே அமர்ந்திருத்தல் வேண்டும். எதிரே வரும் பாறை அவர்கள் கண்ணிற் படாது. எனவே பவல் முன் வள்ளத்திற் சென்று, நீர் பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் இடங்களை முன்கூட்டியே கண்டு, கொடியசைத்து ஏனையோரை நிறுத்துவார். அபாயம் மிகுந்த பாய்ச்சலாயின் வள்ளங்களைக் கயிற்றாற் கட்டிக் கரையிலிருந்து மெல்ல மெல்ல இறக்குவர். அதுவும் இயலாவிடின் மூட்டைகளையும் வள்ளங்களையும் பாறைகளின்மேற் சுமந்து செல்வர். ஒரு நாள் முழுதும் உழைத்தும் ஒரு மைல்கூட நகராத நாட்கள் உண்டு. உல்லாசப் பயணம் என்று எண்ணி வந்தவர் எவரேனும் இருந்திருப்பின் முதல் மாதத்திலேயே அவ்வெண்ணம் தீர்ந்திருக்கும்.

ஜூன் மாதத்தில், லொடோர் என்னும் பிளவிலே ஒரு வள்ளம் பாறையில் மோதிச் சிதைந்தது. அதிலிருந்த மூவரும் தப்பினர். உணவின் ஒரு பகுதி போயிற்று. உயரத்தை அளக்கும் பாரமானிகள் எல்லாம் அவ்வள்ளத்திலேயே இருந்தமையால் பவல் மனம் நொந்தார். மறுநாள் இருவர் சிதைவினருகே சென்றபோது பெரும் ஆரவாரம் எழுந்தது. கருவிகள் கிடைத்தமைக்குத் தம் தோழர்களும் இவ்வளவு மகிழ்கின்றனரே என்று அவர் பூரித்தார். கருவிகள் கிடைத்தது மெய்யே. ஆனால் ஆரவாரமோ அவருக்குத் தெரியாமல் ஏற்றப்பட்டிருந்த ஒரு சிறு சாராயப் பீப்பாய்க்காக! மாணவரின் மகிழ்ச்சிக்குத் தம் பாடமே காரணமென நினைக்கும் ஆசிரியர்களை நானும் அறிவேன்.

அதே மாதத்தில் ஒரு மாலை, காற்று வீசி, சமையல் நெருப்பு கரையோரப் புதர்களிற் பற்றிக்கொண்டது. கைநிறையப் பாத்திரங்களோடு வள்ளத்துக்கு ஓடிய சமையற்காரர் ஆற்றில் விழ, பாத்திரங்கள் அமிழ்ந்துபோயின. மற்றொரு நாள், செங்குத்தான பாறையில் ஏறிய பவல் மேலும் செல்லவோ கீழே இறங்கவோ வழியின்றி ஒற்றைக் கையால் தொங்கி நின்றார். மேலே நின்ற பிறட்லி தம் நீண்ட உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிட்டார். பவல் பிடியை விட்டு அதைப் பற்றி உயிர் தப்பினார்.

ஜூலையில் குட்மன் என்பவர் இத்துடன் போதும் என விலகிக்கொண்டார். எஞ்சிய ஒன்பதின்மர் ஆகஸ்ட் நடுப்பகுதியில் கிராண்ட் கன்யனுள் நுழைந்தபோது, மா பூஞ்சணம் பிடித்துக் கட்டியாகியிருந்தது. அதனை நுளம்பு வலையால் அரித்தெடுத்தனர். இறைச்சி கெட்டுவிட்டது. எஞ்சியவை சிறிதளவு உலர்ந்த அப்பிள் பழமும் கோப்பியுமே. இருமருங்கும் சுவர்போன்ற பாறை. அடுத்த வளைவுக்கப்பால் என்ன இருக்கிறது என்பதை எவரும் அறியார்.

ஆகஸ்ட் 27ஆம் நாள் அவர்கள் கண்ட பாய்ச்சல் முன்னையவை எல்லாவற்றினும் கொடியதாகத் தோன்றியது. அன்று மாலை ஒறமெல் ஹவ்லன்ட் என்பவர் பவலைத் தனியே அழைத்து, தாமும் தம்பி செனெக்காவும் வில்லியம் டன் என்பவரும் இதற்குமேல் வரப்போவதில்லை என்றும், மலையேறி ஊர் தேடப்போவதாகவும் கூறினார். ஹவ்லன்ட் சகோதரர் இருவரும் லொடோரில் சிதைந்த வள்ளத்தில் இருந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. பவல் அன்றிரவு உறங்கவில்லை. மணலில் முன்னும் பின்னும் நடந்தபடியே இருந்தார். தாமும் விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார்.

விடிந்ததும் பிரிந்தனர். சண்டையில்லை; சிலர் கண்ணீர் விட்டனர். குறிப்பேடுகளின் ஒரு படியும், சகோதரிக்குச் சேர்ப்பிக்கும்படி ஒருவர் கொடுத்த கைக்கடிகாரமும் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டன. இரு சாராரும் மற்றவர் சாகப்போகிறார் என்றே நம்பினர். 'எம்மா டீன்' கரையிலே விடப்பட்டது. மற்ற இரு வள்ளங்களும் பாய்ச்சலில் இறங்கின. சில கணங்களில் சேதமின்றி அப்பாற் சென்றன. மேலே நின்றவர் மனம்மாறி வருவரோ என்று துப்பாக்கி வெடி தீர்த்துக் காத்திருந்தனர். எவரும் வரவில்லை.

மறுநாளே கிராண்ட் கன்யன் முடிந்தது. ஆகஸ்ட் 30ஆம் நாள், வேர்ஜின் ஆறு கலக்குமிடத்தில் வலைவீசிக்கொண்டிருந்தோரைக் கண்டனர். ரொட்டியும் பழங்களும் கிடைத்தன. மலையேறிய மூவரோ திரும்பவேயில்லை. கொல்லப்பட்டனர் என்பர், கொன்றவர் அவ்விடத்துப் பழங்குடியினரா, வெள்ளையரா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

இரண்டே நாள் பொறுத்திருந்தால் பிழைத்திருப்பர் என்று கூறுதல் எளிது. இரண்டு நாள் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் தண்டு வலித்து, பட்டினி கிடந்து, தம் கண் கண்டதை நிறுத்துப் பார்த்து முடிவு செய்தவர்களைக் கோழையர் என நான் கூறேன். ஆயினும் 1918இல் கன்யனின் தென்விளிம்பில் திறந்துவைக்கப்பட்ட பவல் நினைவுச் சின்னத்தில் அவர்கள் பெயர் பொறிக்கப்படவில்லை. குட்மனின் பெயரும் இல்லை. பின்னரே, பிரிந்த இடத்தில் அம்மூவருக்குமென ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. பவலிடத்தும் எனக்கொரு குறையுண்டு: 1871இல் தொடங்கிய தம் இரண்டாம் பயணத்தின் செய்திகளையும் கலந்து 1875இல் அவர் எழுதிய அறிக்கையில், அப்பயணத்தில் உடன்வந்தோரின் பெயர்களையே கூறாது விட்டார். மாணவன் ஒருவன் அவ்வாறு செய்திருந்தால் புள்ளியைக் குறைத்திருப்பேன்.

அந்த ஆறு இன்று அதே ஆறன்று. 1963இல் கிளென் கன்யன் அணை நீரை மறித்தது. அதன்பின் தேங்கிய ஏரிக்குப் பவலின் பெயரே இடப்பட்டது. மூவரும் பிரிந்த இடத்தின் பாய்ச்சலும், அதற்கு முன்னரே, கீழேயுள்ள ஹூவர் அணையின் ஏரிநீரில் அமிழ்ந்தது. எனினும் லொடோரிலும் கிராண்ட் கன்யனிலும் கோடைதோறும் மக்கள் அனுமதி பெற்று, மிதவையங்கி அணிந்து, இறப்பர்ப் படகுகளிற் செல்கின்றனர். இரவில் மணற்கரையிற் கூடாரமிட்டுத் தங்குகின்றனர்.

அடுத்த வாரம் அவ்வகுப்புக்கு மீண்டும் சென்றேன். கரும்பலகையில் பவல் தொடங்கிக் குட்மன் ஈறாகப் பத்துப் பேரின் பெயரையும் எழுதினேன். வினாவிய மாணவன் அவற்றைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கையில் பாடம் முடிந்து மணி அடித்தது.